கீழ்ப் பல்செட் விவகாரம்

ஜனவரி 9

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நேற்று நீங்கள் பலமுறை அழைத்தும் நான் எடுக்கவில்லை. அழுதுவிடுவேன் என்பதால் அல்ல. எடுத்தவுடன் வாய் பழக்கத்தில் "சொல்லுங்க அத்தை" என்றுவிடும். அந்த உறவு இப்போது நடப்பில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மகன் உங்களிடம் என்ன சொன்னார் என்பதும் தெரியாது. நடந்தது இதுதான். சனிக்கிழமை என்னைத் தன் கடைக்கு வரச் சொன்னார். மூன்று வருடப் பழக்கத்தில் அவர் என்னை அந்த நாற்காலி மேசைக் கடைக்குள் அழைத்தது அதுவே முதல் முறை. கல்யாணத்துக்குக் கட்டில் பார்க்கத்தான் என்று நினைத்துக்கொண்டு, தலையெல்லாம் வாரிக்கொண்டு ஐந்து மணி நேரம் பஸ்ஸில் உங்கள் ஊருக்குப் போனேன். சாம்பல் நிறச் சோபா ஒன்றில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். "நமக்குள்ள சரியா வராதுன்னு தோணுது" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கணவனும் மனைவியும் வந்து அந்தச் சோபாவின் விலையைக் கேட்டார்கள். என்னைக் கொஞ்சம் எழுந்துகொள்ளச் சொன்னார். அந்த அம்மாள் உட்கார்ந்து பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், படுக்கையாக விரியுமா என்று கேட்டார். உங்கள் மகன் விரித்துக் காட்டினார். யோசித்துச் சொல்கிறோம் என்று அவர்கள் போனபின், அதை மடித்துவைத்துவிட்டு என்னிடம் வந்து, "எங்க விட்டேன்?" என்றார்.

"சரியா வராதுங்கிறதுல" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

அவ்வளவுதான். காரணம் கேட்டதற்கு, காரணம் என்று தனியாக ஒன்றும் இல்லை என்றார்.

உங்கள் பல்செட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதைச் செய்தவள் நான். எது முறிந்தாலும் அதற்கு நான் பொறுப்பு. இரவில் பச்சைத் தண்ணீரில் போடுங்கள், வெந்நீர் ஆகாது. கழுவும்போது தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். கை நழுவினாலும் உடையாது.

இப்படிக்கு,
பல் ஆய்வகத்திலிருந்து

*

ஜனவரி 15

அடியே பல்லி,

இந்த "மதிப்பிற்குரிய அம்மா அவர்கள்" எல்லாம் வண்டிப் பதிவு அலுவலகத்துக்கு எழுது. உனக்கு நான் அத்தை. நாள் முழுக்கப் பல்லோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குப் பல்லி என்று பெயர் வைத்தவள் நான். அதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

நம் துரை என்னிடம் சொன்னது வேறு. "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்மா" என்றான். ரெண்டு பேர் என்றால் அவனும் சோபாவும் போலிருக்கிறது. மூன்று வருஷமாக நீதான் என் மருமகள் என்று என்னிடம் வண்டி பழகுகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கும் சேர்த்து விலகிவிட்டு வந்து, சாப்பாடு போடு என்கிறான். போட்டேன். உப்பே போடவில்லை. கவனிக்காமல் சாப்பிட்டுப் போய்விட்டான்.

இனி போன் வேண்டாம். அவன் வாங்கிக் கொடுத்த போன் இது. வரும்போதெல்லாம் "சரி பண்ணித் தரேன்" என்று எடுத்துவைத்துக்கொண்டு, யாரோடு எவ்வளவு நேரம் பேசினேன் என்று பார்க்கிறான். கடிதம் என்றால் கவலையில்லை. கையால் எழுதியதைப் படிக்கிற பொறுமை அவனுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வேறு யார் வாயாலும் நீ கேட்க வேண்டாம். ஒருத்தி இருக்கிறாள். கணக்கு டீச்சர். புத்தக அலமாரி வாங்க வந்தவளாம். அலமாரியை வீட்டில் மாட்டிக் கொடுக்கப் போனவன் தானும் மாட்டிக்கொண்டான். அவளுக்குக் கார் ஓட்டப் பழக வேண்டுமாம். "நீயே சொல்லிக் கொடும்மா, ரெண்டு பேரும் பழகின மாதிரியும் இருக்கும்" என்கிறான்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் தெரியுமா? அவளுக்கு ஜென்மத்துக்கும் லைசென்ஸ் கிடைக்காதபடி சொல்லிக் கொடுக்கப் போகிறேன். இரண்டு தடவை தோற்றால் இந்தக் குடும்பமே தனக்கு ஆகாது என்று ஓடிவிடுவாள்.

நீ சும்மா இரு. பழிவாங்குவது பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை.

அத்தை

*

ஜனவரி 22

அன்புள்ள அத்தைக்கு,

பழிவாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நாம் படித்தவர்கள். அந்த டீச்சர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆகவே ஒழுங்காகவே சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கிற பாடத்தை முதல் நாளே வைத்தால் என்ன? யோசனைதான்.

நான் நன்றாக இருக்கிறேன். வேலை நிறைய. உங்கள் மகன் தூக்கத்தில் பல்லைக் கடிப்பார் அல்லவா, அதற்கு உறை செய்யப் போன வருடம் அச்சு எடுத்தேன். அந்தப் பிளாஸ்டர் அச்சு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. மதியம் சாப்பிடும்போது எதிரே எடுத்துவைத்துக்கொள்கிறேன். நான் சொல்வதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்கிறது. நேற்று இரண்டு தாடைக்கும் நடுவே என் மின்கட்டண ரசீதைச் சொருகினேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மூன்று வருடத்தில் அவர் எனக்காக எதையாவது பிடித்துவைத்திருப்பது இதுதான் முதல் முறை.

எங்கள் டாக்டர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றார். "ஒரு பேஷண்ட்" என்றேன். "பணம் பாக்கியா?" என்றார். "அதெல்லாம் இல்ல சார்" என்றேன்.

அந்த டீச்சரின் பற்கள் எப்படி? தொழில்முறை ஆர்வம்தான்.

உங்கள்
பல்லி

*

பிப்ரவரி 11

பல்லி,

தாமதத்துக்குக் கோபிக்காதே. தினமும் காலையில் அவளுக்கு வகுப்பு.

முதலில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். தப்பாகச் சொல்லிக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. முதல் நாள் வண்டியில் உட்கார்ந்து, கிளச்சைப் பட்டென்று விடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "மெதுவா, மெதுவா, காலுக்கு அடியில முட்டை இருக்கிறதா நெனச்சுக்கோ" என்று வந்துவிட்டது. இத்தனை வருஷத் தொழில் அது, என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது.

சரி, திட்டியாவது விரட்டுவோம் என்று திட்டினேன். சந்தை கூடுகிற நேரத்தில் அந்தத் தெருவுக்குள் வண்டியை விடச் சொன்னேன். பாவம், வியர்த்துக் கொட்டியது. ஒவ்வொரு திட்டுக்கும் "சரிங்க, இன்னொரு தடவ பாக்கறேன்" என்றாளே தவிர, முகத்தைச் சுளிக்கவில்லை.

நீ சொன்ன ஏற்றத்தையும் வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் இருக்கிறதே, அந்த மேடு. வண்டி பின்னால் உருண்டது. பின்னாடி ஒரு பஸ். என் பக்கத்துப் பிரேக்கை நான் மிதித்துவிட்டேன். பஸ்காரன் இறங்கிவந்து கத்திவிட்டுப் போனான். பாவம், அவள் அழவில்லை, மூக்கு மட்டும் சிவந்துபோயிற்று. ஓரமாக நிறுத்திவிட்டு, "உங்களுக்கு எனக்கு சொல்லித் தர இஷ்டமில்லைன்னு தெரியுதுங்க. நானே அவர்கிட்ட வேற எடம் பாக்கறேன்னு சொல்லிடறேன். நீங்க சங்கடப்பட வேணாம்" என்றாள்.

நான் என்ன சொல்ல? "இஷ்டமில்லாம இல்ல, எனக்கு தொண்டையே இப்படித்தான்" என்றேன். பாவம், நம்பினாள்.

முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. சிரித்தால் பரவாயில்லை.

நீ சொன்னதைக் கேட்காமல் வெறும் தொட்டியில் கழுவிக் கீழ்ப் பல்செட்டைப் போட்டுவிட்டேன். நடுவில் விரிசல். என்ன செய்ய?

அத்தை

*

பிப்ரவரி 17

அத்தைக்கு,

உடனே கூரியரில் அனுப்புங்கள். ஈரப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வையுங்கள். அதுவரை பழைய செட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். தளர்வாக இருக்கும், சத்தமாகப் பேச வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் "பாவம்" மூன்று இடத்தில் வருகிறது. மூன்றும் அவருக்கே. சோபாவை விட்டு எழுந்து நின்றவளுக்கு இரண்டு கடிதத்தில் ஒன்றுகூட வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டது.

என்னைப் பற்றி டீச்சருக்குத் தெரியுமா?

பல்லி

*

மார்ச் 4

என் பல்லிக்கு,

டப்பா வந்திருக்கும். பழைய செட்டோடு "பிரேக்!" என்று கத்தினேன், அது மடியில் வந்து விழுந்தது. கத்தாமல் ஓட்டக் கற்றுக் கொடுப்பது எப்படி என்று இந்த வயதில் கற்றுக்கொள்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். அவளுக்குத் தெரியும், ஆனால் தெரிந்தது வேறு. "முன்ன ஒரு பொண்ணு இருந்தாங்க, அவங்களே வேணாம்னு போயிட்டாங்கன்னு சொன்னாரு" என்றாள். வண்டி நால்ரோட்டில் நின்றுகொண்டிருந்தது. எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. பச்சை விழுந்துவிட்டது, அவள் கியரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் சொல்லவில்லை.

பொய்யாக எழுத எனக்குத் தெரியாது, அதனால் இதையும் கேட்டுக்கொள். போன வாரம் அவள் தேர்வுக்குப் போனாள். முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ரிவர்ஸில் கோட்டைத் தொடாமல் உள்ளே விட்டாள். தேர்வு அதிகாரி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டபின்தான் நீ ஞாபகத்துக்கு வந்தாய். நான் என்ன செய்யட்டும்? அவள் கெட்டவளாக இருந்தால் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

இருபதாம் தேதி இரண்டு வீட்டாரும் ஓர் ஓட்டலில் சாப்பிட்டுப் பேசுவதாக ஏற்பாடு. அதற்குள் பல்லை அனுப்பிவிடு. பழையதைப் போட்டுக்கொண்டு சபையில் உட்கார முடியாது.

அத்தை

*

மார்ச் 12

அத்தைக்கு,

டப்பா வந்தது. விரிசலை ஒட்டி, மெருகும் போட்டாயிற்று. அரைநாள் வேலை.

ஆனால் அனுப்பப்போவதில்லை. இருபதாம் தேதிக்குள் நிச்சயமாக இல்லை.

முதலில் வேறொன்றுதான் யோசித்தேன். முன்பற்களை நூலளவு பின்னால் தள்ளி வைத்தால் "ச" வருகிற இடத்திலெல்லாம் விசில் அடிக்கும். "டீச்சர்" என்று நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் ஊரே திரும்பிப் பார்க்கும். பிறகு "மருமகள்" என்ற சொல்லைச் சோதித்தேன். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது ஆய்வகத்தில் தனியாக நின்று பலமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். உதடும் நாக்கும் இருந்தால் போதும். பல்லே இல்லாவிட்டாலும் அந்தச் சொல் சுத்தமாக வந்துவிடுகிறது. அதில் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

எனவே வைத்துக்கொள்கிறேன். உங்கள் மகனின் அச்சுக்கு எதிரே வைத்திருக்கிறேன். தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் விலகிப் போனேன் என்று அவர் சொன்னதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவர் அப்படித்தான். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் பச்சை விளக்கைப் பார்த்தீர்கள் பாருங்கள், அதுதான் ராத்திரியெல்லாம் திரும்பத் திரும்ப வந்தது. அவர் போனபோது எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. ஏன் என்று எனக்கே புரியவில்லை.

பழைய செட்டோடு போய் உட்காருங்கள்.

பல்லி

*

மார்ச் 27

பல்லி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள், இவள் செய்தது சரிதானே என்று தோன்றியது. இருபதாம் தேதி பழைய செட்டோடுதான் போனேன்.

பெரிய மேசை. அந்தப் பக்கம் டீச்சர், அவள் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி. இந்தப் பக்கம் நானும் துரையும். சாப்பாடு வரும் முன் அவள் அப்பா மரியாதைக்குக் கேட்டார்: "பையனப் பத்தி நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன்." பெற்றவள் நாலு நல்ல வார்த்தை சொல்வாள் என்று எல்லாரும் முகத்தை மலர்த்தி வைத்துக்கொண்டார்கள்.

நான் சொன்னேன். சோபாவில் தொடங்கி, விரித்துக் காட்டியது, "எங்க விட்டேன்" என்றது, எல்லாம் சொன்னேன். நீ வேண்டாமென்று போகவில்லை, இவன்தான் அனுப்பினான் என்றும் சொன்னேன். ஆனால் என் வாயில் பல் நிற்கவில்லை. பாதிப் பேச்சில் நழுவி வெளியே வர, கைக்குட்டையில் பிடித்துக்கொண்டு மிச்சத்தை வெறும் ஈறோடு சொல்லி முடித்தேன். அவள் அப்பா, "ரொம்ப சந்தோஷம்" என்றார். அவள் அம்மா, "உங்க ஆசீர்வாதம்" என்றார். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. துரை நிம்மதியாகத் தண்ணீர் குடித்தான்.

விளங்கியது அவள் ஒருத்திக்குத்தான். லைசென்ஸ் வாங்கும்வரை அந்த ஆடுகிற பல்லோடு நான் கத்துவதைத்தானே வண்டிக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்!

தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் துரையைக் கேட்டாள்: "அவங்களே போனாங்கன்னு சொன்னீங்க? சோபால உக்கார வெச்சு நீங்கதான் அனுப்பினீங்களாமே?"

இவன் என்ன சொன்னான் தெரியுமா? "அது டிஸ்ப்ளேக்கு வெச்ச சோபா. அதுல உக்காந்து பேசினா என்ன தப்பு?"

அவள் எழுந்தாள், துரையின் கார்ச் சாவியை எடுத்தாள், போய்விட்டாள். நாங்கள் எல்லாரும் ஓட்டல் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். இரண்டு வண்டிக்கு நடுவே நெருக்கியடித்து நின்ற காரை ஒரே வளைப்பில் வெளியே எடுத்தாள். துரை பஸ்ஸில் வீட்டுக்கு வந்தான். வந்தவன், "உனக்கு அவளோட இன்னும் என்ன பேச்சு?" என்று உன்னைச் சொல்லி என்மேல் பாய்ந்தான். "நீ விட்டுட்டா நானும் விட்டுடணுமா?" என்றேன். இப்போது உப்பில்லாததைக் கண்டுபிடிக்கிறான்.

இத்தோடு முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் வந்தாள். அவனைப் பார்க்க அல்ல, என்னைப் பார்க்க. நிறைய நேரம் பேசினாள். அதைக் கடிதத்தில் எழுத முடியாது.

பல்லை அனுப்பாதே. நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அடுத்த சனிக்கிழமை.

அத்தை

*

ஏப்ரல் 5

அன்புள்ள அத்தைக்கு,

இனி எழுதிக்கொள்வதில்லை என்று நேற்றுத்தான் பேசிக்கொண்டோம். இது கடைசி. நீங்கள் போனபின் நடந்த ஒன்று உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை.

அதற்கு முன், நான் சரியாகக் கேட்டுக்கொண்டேனா என்று ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். நேற்று எனக்குக் காது அடைத்துப்போயிருந்தது.

ஐந்து மணி நேரம் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். ஆய்வக நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். பல்லைப் போட்டு, கடி பதிகிற நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, உறுத்துகிற இடத்தைத் தேய்த்துக் கொடுத்தேன். வாயை மூடித் திறந்து பார்த்துவிட்டு, "இப்ப ஒழுங்கா பேசலாம், உக்காரு" என்றீர்கள்.

நடுவில் எங்கள் டாக்டர் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். "நான் பேசி முடிச்சுட்டு அனுப்பறேன், தம்பி" என்று அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினீர்கள். இன்று காலைவரை அவர் என்னிடம் பேசவில்லை.

டீச்சர் உங்கள் மகனைக் கட்டிக்கொள்ள முடிவு செய்துவிட்டார் என்றீர்கள். ஏன் என்று கேட்டேன். "தெரிஞ்சே எடுக்கறேன்னு சொல்றா. அதுக்கு மேல நான் என்ன கேக்க?" என்றீர்கள். பிறகு அவர் உங்களிடம் சொன்னதை அப்படியே சொன்னீர்கள்: "அத்தை, நீங்க அவங்கள மறக்கணும்னு சொல்லல. ஆனா நான் உள்ள வரும்போது நீங்க எழுதிட்டிருக்கிற காகிதத்த கவுத்து வெக்கிறீங்க. அது எனக்கு என்னமோ பண்ணுது."

"அவங்க கேட்டதாலயா?" என்றேன்.

"கேட்டது அவ. சரின்னு பட்டது எனக்கு" என்றீர்கள். "இனிமே எழுத மாட்டேன், பல்லி. நீயும் எழுதாத. உன்மேல ஒரு குத்தமும் இல்ல. என் வீட்லேருந்து ஒருத்தராவது உன் முகத்த பாத்து இத சொல்லணும்னுதான் வந்தேன்."

சரி என்றேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரே வருடத்தில் ஒரே குடும்பத்தால் இரண்டு முறை விடப்பட்டிருக்கிறேன். முதல் முறை அழவில்லை; அழுதுவிடுவேன் என்பதால் அல்ல என்று உங்களுக்குப் பெருமையாகவும் எழுதினேன். இப்போது தெரிகிறது, அன்று நான் அழுதால் பார்க்க அங்கே யாருமில்லை. நேற்று அழுதேன். நீங்கள் பார்த்தீர்கள். நீங்கள் அழவில்லை. "ஓட்டணும்ல" என்றீர்கள்.

டீச்சரிடம் சொல்லுங்கள்: முன்பல் இடைவெளியை எந்த டாக்டர் சொன்னாலும் அடைக்க வேண்டாம். அது சிலருக்குத்தான் அமையும்.

இனி நீங்கள் அறியாதது. உங்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் நான் உள்ளே போய் வேறு யாருக்கோ செய்யவேண்டிய இரண்டு தாடை அச்சுக்கு மெழுகு ஊற்றினேன். பிறகு பசித்தது. ரொட்டி வாங்கலாம் என்று வெளியே இறங்கி, வளைவைத் தாண்டி நடந்தேன். தபால் நிலையச் சுவரோரம் உங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தது. கூரையில் "பழகுநர் வண்டி" பலகை. இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிந்தது. நீங்கள் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்திருந்தீர்கள். தோள் குலுங்கியது.

கண்ணாடியைத் தட்டக் கை தூக்கினேன். தட்டியிருந்தால் நீங்கள் இறங்கியிருப்பீர்கள். அவ்வளவு தூரம் ஓட்டிவந்து சொன்னதெல்லாம் சொல்லாததாகியிருக்கும்.

வேறு தெரு வழியாக வீட்டுக்கு வந்தேன்.

பல்லி